அம்மா மூட்டிய அடுப்பு

போன மாதம் கண் ஆபரேஷன் ஆனதால் எதுவும் எழுதவில்லை. "டீச்சர் ஏன் சத்தமே காணோம்" என்று கேட்டு எழுதிய எல்லோருக்கும் நன்றி. இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் இழுப்பேன் என்று உங்களுக்குத் தெரியாததா?

தீபம் முடிந்து மலையில் கொப்பரை இறக்கிய வாரத்தில் என் பெண் பேத்தியோடு வந்திருந்தாள். அவள் பாலை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பால், தயிர், நெய், மோர் எதுவும் கிடையாது, தேன்கூடக் கிடையாது. "வீகன்" என்கிறார்கள். தமிழில் "நனிசைவம்" என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, சமையலறைக்குள் வந்தால்தான் சங்கடம். அவள் பிறந்தநாளுக்கு நான் வழக்கம்போலப் பால் பாயசம் வைத்தேன். மறந்து வைத்ததாகச் சொன்னேன். மறக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒரு கரண்டியாவது நாக்கில் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. டம்ளரை என் பக்கமே நகர்த்திவிட்டு, "நீ சாப்பிடு அம்மா" என்றாள். இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுத்தவள் செய்த காரியம் இது.

மூன்றாம் நாள் காலை பேத்தி மலைக்குப் போக வேண்டும் என்றாள். ரமணாசிரமத்தின் பின்பக்கக் கதவு வழியாகக் கந்தாசிரமத்துக்கு ஏறும் கல்பாவிய பாதை உங்களில் பலருக்குக் கால் பழகியதுதான். மேலே சுனைத் தண்ணீர் குடித்துவிட்டு, அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் போனோம். பகவானின் அம்மா அழகம்மாள் உயிர் பிரிந்த அறையைக் காட்டிப் பேத்திக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். பாதியில் என் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மா சமைச்சதைப் பிள்ளை சாப்பிட்டாரா, இல்ல பிள்ளை சாப்பிடுறதை அம்மா சமைக்கக் கத்துக்கிட்டாங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் கதையைத் தெரியாதவர்களுக்காக. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தவர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர் 1892இல் இறந்துவிட்டார். பிள்ளைகளை மதுரையில் சித்தப்பா வீட்டில் விட்டுத்தான் குடும்பம் நடந்தது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில், அந்தப் பையன் யாரிடமும் சொல்லாமல் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்துவிட்டான். இரண்டு வருடம் கழித்து அம்மா தேடி வந்தார். பவழக்குன்றில் சடைமுடியும் அழுக்கு உடம்புமாகப் பாறையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து, தினமும் தின்பண்டம் செய்து எடுத்துக்கொண்டு போய் அழுதிருக்கிறார். பிள்ளை வாயே திறக்கவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தில் பதில் எழுதிக் கொடுத்ததும், அம்மா திரும்பிப் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கோ இப்போது அந்தத் தின்பண்டம்தான் கண்ணில் நிற்கிறது. அந்தத் தூக்கு எப்படித் திரும்பிப் போயிருக்கும்?

அடுத்த பதினெட்டு வருடத்தில் அந்த அம்மாவுக்கு என்னென்னவோ நடந்தது. மூத்த மகன் நாகசாமி 1900இல் இறந்தார். 1914இல் திருப்பதி போய்த் திரும்பும் வழியில் விரூபாட்சி குகைக்கு வந்தவருக்குக் கடும் ஜுரம் கண்டது. அப்போது பிள்ளைதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். 1916இல் நிரந்தரமாகவே தங்க வந்துவிட்டார். பெண்கள் அங்கே தங்கக்கூடாது என்று சில அடியார்கள் தடுத்ததாகவும், பகவான் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாருங்கள் நாம் வேறெங்காவது போவோம் என்று கிளம்பியதாகவும், அதன் பிறகு யாரும் பேசவில்லை என்றும் சொல்வார்கள்.

அம்மா வருவதற்கு முன்பு அங்கே அடுப்பு என்று ஒன்று கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடியார்கள் ஊருக்குள் இறங்கிப் பிச்சை எடுத்து வருவார்கள். வந்ததையெல்லாம் ஒன்றாகக் கலந்து பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். வீடு வீடாகப் போகும்போது பாடுவதற்கென்றே பிறந்ததுதான் அட்சரமணமாலை. அதுபோக எச்சம்மாள் இருந்தார். மண்டகொளத்தூர்க்காரர். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு 1906 வாக்கில் இங்கே வந்தவர். 1945இல் சாகும்வரை, ஏறத்தாழ 38 வருடம், தினம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முதலியார் பாட்டி இன்னொருவர். குகை நமசிவாயர் கோயிலில் இருந்த கீரைப் பாட்டி மலையில் கண்ட கீரையைப் பறித்து வேகவைத்துக் கொண்டுவந்து கொடுப்பாராம். என் பெண் இதைக் கேட்டதும், "அப்போ கீரைப் பாட்டிதான் இந்த மலையின் முதல் வீகன்" என்றாள். அவளுக்கு எல்லாமே அந்தக் கணக்குத்தான்.

அழகம்மாள் வந்த பிறகு அடுப்பு வந்தது. முதலில் ஒரு சாதம், ஒரு காய் என்று சின்ன அளவில்தான். ஒருநாள் கரண்டி இல்லையே என்று அம்மா குறைப்பட்டாராம். பார்க்கலாம் என்றாராம் பிள்ளை. அடுத்தாற்போல் யாரோ ஐந்தாறு கரண்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். இப்படியே பாத்திரம், மளிகை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததைப் பகவானே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். வேண்டாம் வேண்டாம் என்று வீட்டைவிட்டு வந்தவரைத் துரத்திக்கொண்டு ஒரு சமையலறை மலையேறி வந்த கதை இது.

ஆனால் வந்த சமையலறை திருச்சுழிச் சமையலறை அல்ல. என் பெண்ணின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அழகம்மாள் மடி ஆசாரம் பார்த்து வளர்ந்தவர். யார் தொட்டார், எது தீட்டு, எந்தக் காய் சேர்க்கலாம் என்று ஒரு வாழ்நாள் கணக்கு அவரிடம் இருந்தது. பிள்ளை அதை ஒவ்வொன்றாகக் கேலி செய்தே கழற்றியிருக்கிறார். வெங்காயத்தைக் காட்டி, ஜாக்கிரதை அம்மா, இது மோட்சத்துக்குப் பெரிய தடை என்பாராம். மற்றவர்களிடம் பேசுவார், அம்மாவிடம் பேச மாட்டார். அம்மா குறைசொன்னால், எல்லாப் பெண்களும் எனக்கு அம்மாதான் என்று பதில் வரும். படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளிடம் இப்படியா என்று புத்தகத்தை மூடி வைத்தேன். பிறகு மறுபடி திறந்தேன். ஆறு வருடத்தில் அந்த அம்மா காவி கட்டி, எல்லோருக்கும் பொதுவாகச் சமைத்துப் போடுபவராக ஆகியிருந்தார்.

அப்பளக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்குள் இறங்கி உளுந்தும் மற்றதும் சேகரித்து வந்து, அப்பளம் இட உட்கார்ந்தார் அழகம்மாள். பிள்ளையையும் கூட ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் விட்டுவந்த பிறகு அப்பளம் எதற்கு என்றார் பிள்ளை. அம்மா விடவில்லை. சரி, நீங்கள் அந்த அப்பளத்தைச் செய்யுங்கள், நான் வேறு அப்பளம் செய்கிறேன் என்று அவர் எழுதியதுதான் அப்பளப் பாட்டு. பாடத்தில் வராவிட்டாலும் உங்களில் சிலருக்கு நான் வகுப்பில் பாடிக் காட்டியிருக்கிறேன். "நான்" என்ற எண்ணம் உளுந்தாகிறது. நான் யார் என்ற விசாரணை அதைத் திரிக்கும் இயந்திரமாகிறது. நல்லோர் கூட்டு பிரண்டைச் சாறு. சீரகம், மிளகு, உப்பு, பெருங்காயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு.

மற்றவர்கள் வேதாந்தம் பார்க்கட்டும். சமைக்கத் தெரிந்தவள் என்ற முறையில் நான் சொல்கிறேன்: அந்தப் பாட்டில் செய்முறை துல்லியம். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டால்தான் அப்பளம் நன்றாகப் பொரியும். அந்தச் சேர்மானமும் வரிசையும் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் வரும். சின்ன வயதில் அம்மா அப்பளம் இடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை எதையும் மறக்கவில்லை. பாட்டின் முடிவில் அப்பளம் பொரிவது நெய்யில் என்பதை மட்டும் என் பெண்ணிடம் கொஞ்சம் குஷியாகவே சொன்னேன். "நெய்க்குப் பதில் நல்லெண்ணெய்னு போட்டாலும் தளை தட்டாதும்மா" என்றாள். தட்டும். நான் எண்ணிப் பார்த்தேன்.

1922 மே 19 அன்று அழகம்மாள் போய்ச் சேர்ந்தார். அன்று காலையிலிருந்து இரவுவரை பகவான் ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடியே இருந்திருக்கிறார். முடிந்ததும் எழுந்து, வாருங்கள் சாப்பிடலாம், தீட்டு ஒன்றும் இல்லை என்றாராம். தீட்டு பார்த்தே வாழ்ந்த அம்மாவின் உடல் பக்கத்தில் இருக்கிறது, அவர் மூட்டிய அடுப்பில் சமைத்ததை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என் அம்மா போன அன்று, அவர் முதல்நாள் உறை ஊற்றி வைத்த தயிர் பதினாறாம் நாள்வரை யாரும் தொடாமல் கிடந்தது.

மலையடிவாரத்தில் பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் அம்மாவை அடக்கம் செய்தார்கள். அந்த வருடம் டிசம்பரில் பகவானும் மலையை விட்டு இறங்கி அங்கேயே வந்துவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். இளைய மகன் நாகசுந்தரம் நிரஞ்சனானந்த சுவாமியாகி நிர்வாகத்தைப் பார்த்தார். மாத்ருபூதேசுவரர் கோயில் கும்பாபிஷேகம் 1949 மார்ச் 17 அன்று நடந்தது. ஆக, செங்கம் ரோட்டில் ரமண நகர், ஓட்டல்கள், கடைகள், நாங்கள் குடியிருக்கும் இந்தத் தெரு எல்லாமே ஒரு அம்மாவைப் புதைத்த இடத்தைச் சுற்றி வளர்ந்ததுதான். தினமும் பால் வாங்கப் போகும்போது இது நமக்கு நினைவு வருவதில்லை.

கீழே வந்த பிறகு சமையலறை பெரிதாயிற்று. சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் என்று சமைத்தவர்கள் பெரும்பாலும் கைம்பெண்கள். பகல் முழுக்க அங்கே சமைத்துப் போடுவார்கள், இருட்டியதும் ஊருக்குள் போய்விட வேண்டும். பெண்கள் இரவு தங்க அனுமதி இல்லை. பகவான் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே எழுந்து காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். கீழே சிந்திய ஒரு கடுகைக்கூட நகத்தால் எடுத்துச் சேர்ப்பார். காம்பு, தோல் எதையும் சுலபத்தில் எறிய விட மாட்டார். அந்த அம்மாக்கள் கரண்டி பிடிக்க வந்து அவரிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்கள், சமையலும் கற்றிருக்கிறார்கள். வரலாறு என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: அதே சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பந்தி நடந்தது, நடுவில் தடுப்பு இருந்தது. அம்மாவின் ஆசாரத்தைக் கேலி செய்தே போக்கியவரின் ஆசிரமத்தில் ஊரின் ஆசாரம் பந்தியில் உட்கார்ந்திருந்தது.

பால் விஷயத்துக்கு வருகிறேன். 1926இல் ஒரு கன்றுக்குட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுதான் லட்சுமி. கீரைப் பாட்டியே மறுபடி வந்து பிறந்திருக்கிறாள் என்று பலர் நம்பினார்கள். அது நேராக ஹாலுக்குள் வந்து பகவான் எதிரில் நிற்கும். 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது, அம்மாவுக்குச் செய்ததுபோலவே அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அதன் சமாதியை இன்றும் ஆசிரமத்தில் பார்க்கலாம். நம் ஊரில் பால் என்றால் இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு மாடு. இதைச் சொல்லி என் பெண்ணை மடக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். "பாக்கெட் பாலுக்கு எந்த மாட்டோட பேரும்மா போட்டிருக்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

யோசித்தால் அவள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் பால் காபிக்கும், கைக்குழந்தைக்கும், விசேஷத்துக்கும்தான். 1970இல் ஆரம்பித்த வெண்மைப் புரட்சிக்கும், 1981இல் ஆவின் இணையம் வந்ததற்கும் பிறகுதான் தினம் லிட்டர் கணக்கு வந்தது. பால் இல்லாத சமையல் வெளிநாட்டுச் சரக்கு என்று நான் அவளிடம் வாதாடியது தவறு. பெயர்தான் வெளிநாட்டுச் சரக்கு. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் சில நண்பர்களும் சேர்ந்து அந்தப் பெயரை வைத்துச் சங்கம் தொடங்கினார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1912இல், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி பாலை விட்டுவிட்டார். கறக்கும் மாட்டைப் படுத்தும் பாடும் அதற்கு ஒரு காரணம். 1918இல் உடம்பு முடியாமல் படுத்தபோது, பசும்பாலும் எருமைப்பாலும்தானே நினைத்து விரதம் எடுத்தீர்கள், ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னவர் கஸ்தூர்பா. குடித்தார். குடித்துவிட்டுக் கடைசிவரை மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தார் என்பது அவர் சுயசரிதையிலேயே இருக்கிறது. அந்த இடத்தைப் படிக்கும்போது நான் எப்போதும் கஸ்தூர்பா பக்கம்தான். இப்போது பாயச டம்ளர் நினைவுக்கு வருகிறது.

எழுதிவைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழகம்மாள் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. அவருடைய சமையலைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளை சொல்லி மற்றவர்கள் எழுதியது. அதில் நிறையப் பங்கு சூரி நாகம்மாவுடையது. குண்டூர்ப் பக்கம் 1902இல் பிறந்து சிறுவயதிலேயே கணவரை இழந்த பெண். 1941இல் இங்கே வந்தார். 1945 நவம்பரிலிருந்து, அண்ணன் டி.எஸ். சாஸ்திரிக்கு ஆசிரமத்தில் நடப்பதையெல்லாம் தெலுங்கில் கடிதமாக எழுதினார். இன்று யார் வந்தார்கள், பகவான் என்ன சொன்னார், பசு என்ன செய்தது, சாப்பாட்டில் என்ன பேச்சு எல்லாம் அதில் உண்டு. உறவுக்காரருக்கு எழுதிய கடிதம் என்பதால்தான் அதில் வீட்டு வாசனை இருக்கிறது.

சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் கதையும் கிட்டத்தட்ட அதேதான். இளம் வயதில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கியவர். சொந்தக்காரர்கள் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர், இதைப் புத்தகமாகவே போட்டுவிடேன் என்றார். 1951இல் "சமைத்துப் பார்" வந்தது. கல்யாணம் ஆகிப் போகும் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவையோடு அந்தப் புத்தகமும் போகும். என் அம்மா எனக்குக் கொடுத்த பிரதி இன்னும் இருக்கிறது. ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து: "புளி குறை", "இவருக்குக் காரம் ஆகாது", ஒரு இடத்தில் வெறுமனே "வேண்டாம்".

அந்த "வேண்டாம்" எதற்கு என்று இனி கேட்க முடியாது. அதனால்தான் நானும் ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். பேத்திக்காக, எங்கள் வீட்டுச் சமையலை வரிசையாக எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை 64 எழுதியிருக்கிறேன். என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தினாள் (முப்பத்தைந்து வருடம் நான் திருத்தியதற்குப் பழி). பால், மோர், நெய் படாதவை மட்டும் 41. கேழ்வரகுக் கூழ், சாமைச் சோறு, கொள்ளு ரசம், பிரண்டைத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல், புளிக்குழம்பு, எல்லாம் அவள் பக்கம். மோர்க்குழம்பும் பால் பாயசமும் என் பக்கம். தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டு அரிசிப் பாயசம் வைத்தேன். முதல் தடவை கொதிக்கவிட்டுத் திரிந்துபோயிற்று. இரண்டாம் தடவை இறக்கிவைத்துவிட்டுக் கடைசியில் பால் விட்டேன். இரண்டு டம்ளர் குடித்தாள். எனக்கு அது பாயசமாகத் தோன்றவில்லை, ஆனாலும் நோட்டில் எழுதிவிட்டேன்.

மல்லாட்டைப் பாலில் மிளகாய்க் காம்பு போட்டுத் தயிர் உறையவைக்கலாம் என்கிறாள். இரண்டு முறை முயன்றேன். ஒருமுறை உறையவே இல்லை, ஒருமுறை உறைந்து கசந்தது. சென்னாவரம் பக்கம், கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் என் மாணவர்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். தோலை எடுத்துவிட்டு அரைக்க வேண்டுமா, வறுக்கலாமா கூடாதா, யாருக்காவது பக்குவம் தெரிந்தால் கீழே எழுதுங்கள். பொங்கலுக்கு அவர்கள் திரும்ப வருகிறார்கள். அதற்குள் பிரண்டை பறித்து அப்பளமும் இட்டுவிட வேண்டும். வேலியோரம் நல்ல இளம் பிரண்டை எங்கே இருக்கிறது என்று கிரிவலப் பாதையில் இருப்பவர்கள் சொன்னால் நானே ஆட்டோவில் வந்து பறித்துக்கொள்கிறேன்.